ஒன்றும் விட்டுவிட்டுப் போகாதவர்

அவருடைய பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் வெட்கப்படுவார். தன்னுடையது என்று ஏதாவது ஒரு பொருள் அடுத்தவர் இடத்தில் தங்கிவிட்டாலே கூசிப்போகிற மனிதர். பெயர் தங்கினால் கேட்கவே வேண்டாம்.

பாப்பா, உன்னுடைய நான்காவது பிறந்தநாளுக்கு அவர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். தம்பி அப்போது கைக்குழந்தை. உனக்கு ஞாபகம் இருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றி, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, செருப்பை அதற்குள் போட்டுச் சுருட்டித் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அம்மா ஜூஸ் கொடுத்தாள். டம்ளரை வாங்கியவர், ஜூஸைத் தன் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"டம்ளர் அழுக்காயிடுமேக்கா. போற வழியில குடிச்சுக்கறேன்."

கேக்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார். உட்காரச் சொன்னதற்கு நாற்காலியின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே இருக்கும்படி உட்கார்ந்தார். அவர் போன பிறகு அம்மா அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த மனுஷன் வந்தாரா இல்லையான்னே தெரியலை. நம்ம வீட்டுல நாம ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு." எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவரோடு இருப்பவர்களுக்கெல்லாம் கொஞ்சம் அந்த வெட்கம் ஒட்டிக்கொள்ளும்.

நானும் அவரும் ஒரே ஆபீஸ். சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு மாடி. சின்னச் சின்ன இடங்களுக்கு, அதாவது மருந்துக் கடை, டியூஷன் சென்டர், கிளினிக் போன்றவற்றுக்கு, சர்வர் சாஃப்ட்வேர் செய்துகொடுப்பார்கள். சர்வர் என்றால் பெரிய விஷயம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கம்ப்யூட்டர் ஒரு மூலையில் இருக்கும். மற்றவர்கள் தங்கள் போனிலிருந்தோ டேப்லெட்டிலிருந்தோ கேட்பதை எடுத்துக் கொடுக்கும். எழுதச் சொல்வதை வாங்கி வைத்துக்கொள்ளும். நான் ஐடிஐ படித்தவன். கேபிள் இழுப்பது, கம்ப்யூட்டரை மாட்டுவது, சாஃப்ட்வேரைக் கொண்டுபோய் ஏற்றுவது என் வேலை. அந்த சாஃப்ட்வேரை எழுதுவது அவர் வேலை. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் இன்ஜினியர் என்பதால் நான் அவரை சார் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் சாஃப்ட்வேர் ஓர் இடத்துக்குப் போனால், மரியாதை தெரியாத விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளும். சட்டையைக் கழற்றி ஹாலில் போடும். சீப்பை அடுப்படியில் வைக்கும். ஈரத்துண்டைக் கட்டிலில் எறியும். அதாவது, கம்ப்யூட்டருக்குள் தன் ஃபைல்களைக் கண்ட இடத்தில் இறைத்துவைக்கும். ஒரு கடையில் அதை எடுக்கச் சொன்னால் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இது நம்முடையதா, அவர்களுடையதா என்று சந்தேகம் வரும். ஒரு மருந்துக் கடையில் நான் நம்முடையது என்று நினைத்து எதையோ எடுக்கப்போய், அவர்கள் பிரிண்டர் வேலை செய்யாமல் நின்றுவிட்டது.

அதைக் கேட்டு ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மானம் போகுதுண்ணா. ஒருத்தர் வீட்டுக்குள்ள போய் இப்படியா கடை பரப்பி வைப்பாங்க?"

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் வேறு எதுவும் செய்யவில்லை. தன் மேஜைக்கு எதிர்ச்சுவரில் பெரிய சார்ட் பேப்பரை ஒட்டிப் படம் போட்டார். பார்த்தால் வீட்டு பிளான் மாதிரி இருக்கும். வெளியே ஒரே ஒரு பெரிய ஃபோல்டர். அதற்குள் அறைகள். ஓடுகிற புரோகிராம் ஓர் அறையில். அந்தந்த இடத்துக்கு ஏற்ற செட்டிங் இன்னோர் அறையில். இன்றைக்கு என்ன வேலை நடந்தது, எங்கே தடங்கல் வந்தது என்று சாஃப்ட்வேர் தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகள் ஓர் அறையில். வாடிக்கையாளர் எழுதிவைக்கிற விவரம் எல்லாம் டேட்டா என்ற அறையில். அதைத் தினமும் நகல் எடுத்து வைப்பது பேக்கப் என்ற அறையில். ஃபோல்டர்களுக்குப் பெயர் வைப்பதற்கே நாள் கணக்கில் யோசித்தார். ஒன்றை உள்ளே தள்ளுவார், மறுநாள் வெளியே எடுப்பார். ஒரு ஃபைல்கூட அந்தப் பெரிய ஃபோல்டரின் வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம்.

எங்கள் முதலாளி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார்.

"சாமான் அடுக்கறதுக்காப்பா உன்னை வேலைக்கு எடுத்தேன்? உள்ள எது எங்க இருக்குன்னு கஸ்டமருக்கா தெரியப்போகுது?"

"நமக்குத் தெரியும் சார்."

"நமக்குத் தெரிஞ்சு?"

முதலாளி என்னைப் பார்த்து, "இவரு கல்யாணம் பண்ணா பொண்டாட்டி பாடு திண்டாட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுக்கி முடித்ததும் ஒரு கம்ப்யூட்டரைத் துடைத்து, எங்கள் சாஃப்ட்வேரை அதில் ஏற்றுவார். ஓடவிடுவார். பிறகு நீக்குவார். ஏற்றுவதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் எப்படி இருந்ததோ, நீக்கிய பிறகும் அப்படியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒருமுறை ஒரு துண்டு ஃபைல், உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்று ஃபைல், ஏதோ மூலையில் தங்கிவிட்டது. அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. "அழுக்குத் துணியை அடுத்தவங்க வீட்டுல விட்டுட்டு வந்த மாதிரி இருக்குண்ணா" என்றார். கடைசியில் எல்லாம் சுத்தமாகப் போனபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாம வந்துட்டுப் போனதே தெரியக் கூடாதுண்ணா. அதான் மரியாதை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேடுகிற வேலை மிச்சம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், எல்லாம் போய்விடும்.

அவர் ஏன் இப்படி என்று ஒரு நாள் தெரிந்தது. சானடோரியம் ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தோம். ரயில் வரவில்லை. அவர் செம்பாக்கத்தில் குடியிருந்த வீட்டைக் காலி செய்யப்போகிறார் என்று சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுக்காரரின் கண்டிப்பு. காலண்டரையே ஜன்னல் கம்பியில்தான் கட்டிவைத்திருந்தாராம். ஆனால் முன்னால் குடியிருந்தவர்கள் அடித்த ஆணி ஓட்டைகள் சில இருந்தன. அவற்றில் வெள்ளைப் பற்பசையைத் தடவி அடைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"அது நீங்க பண்ணது இல்லையே சார். நீங்க ஏன் அடைக்கணும்?"

"கடைசியா இருந்தது நான்தானேண்ணா."

கொஞ்ச நேரம் தண்டவாளத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

"நான் ஆறாவது படிக்கும்போது எங்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பிட்டாங்க. சாமானெல்லாம் ரோட்டுல இருந்துச்சு. ஸ்கூல் விடற நேரம். என் கூடப் படிக்கிற பசங்க எல்லாம் பார்த்துக்கிட்டே போறாங்க. அப்ப வீட்டுக்காரம்மா வெளியே வந்து, இன்னும் உங்க குப்பை உள்ள கிடக்குது, அதையும் எடுத்துட்டுப் போங்கன்னாங்க. நான்தான் உள்ள போனேன். கூட்டித் தள்ளிட்டு வந்தேன்."

ரயில் வந்துவிட்டது. அதற்கு மேல் அவர் அதைப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

இப்போது அந்த சென்டரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி, நடக்கவும் உட்காரவும் பேசவும் தாமதமாகிற குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். ஹாலில் பாய் விரித்திருப்பார்கள். பெரிய பெரிய பந்துகள் இருக்கும். குழந்தைகள் பிடித்து நடக்க இரண்டு கம்பிகள் இருக்கும். மாடிப்படிக்குக் கீழே எங்கள் சர்வர். ஒவ்வொரு குழந்தையும் அன்றைக்கு என்ன செய்தது என்று டீச்சரும் உதவியாளர்களும் டேப்லெட்டில் எழுதுவார்கள். யார் தலையைத் தூக்கியது, யார் ஸ்பூனைப் பிடித்தது, யார் அம்மா என்றது. நான்கைந்து வருடமாக எழுதியது. அவர் அடுக்கிய முறை வந்தபோது அதையெல்லாம் அந்த டேட்டா அறைக்குள் கொண்டுவந்திருந்தோம்.

அங்கே சாஃப்ட்வேரின் பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக நான் தனியாகத்தான் போவேன். அன்றைக்கு அவரும் வந்தார். அவர் அடுக்கிய முறையில் ஓர் இடத்திலிருந்து சாஃப்ட்வேரை நீக்குவது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கவரில் போட்டுக்கொண்டு படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்தார். பொத்தானை அழுத்தினார்.

"பாருங்கண்ணா, எவ்வளவு சுத்தமா போகுதுன்னு."

சுத்தமாகத்தான் போனது. புதியதையும் ஏற்றி முடித்தார். டீச்சர் டேப்லெட்டோடு வந்தார்கள்.

"தம்பி, புள்ளைங்க பேரே வரலையே."

"இப்ப வந்துடும் டீச்சர். பேக்கப்ல இருந்து கொண்டுவந்துடறேன்."

அவர் கை மௌஸின் மேல் போனது. அங்கேயே நின்றுவிட்டது. பேக்கப்பும் எங்கள் பெரிய ஃபோல்டருக்குள் ஓர் அறைதான். வீட்டையே எடுத்த பிறகு அறை மட்டும் எங்கே இருக்கும்? ஆபீஸில் அவர் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் டேட்டா அறை காலியாக இருந்தது. காலி அறையை இடித்தால் யாருக்கு நஷ்டம்? அதனால் அவருக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் கண்ணுக்கு அந்த ஃபோல்டருக்குள் இருந்த எல்லாமே, நாங்கள் அங்கே தங்கியதால் சேர்ந்தது. போகும்போது கூட்டித் தள்ள வேண்டியது.

அவர் எழுந்து நின்றார். படி தலையில் இடித்தது. தடவிக்கொள்ளக்கூட இல்லை.

"நான் அழிச்சுட்டேன் டீச்சர். எல்லாத்தையும்."

டீச்சர் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்த பந்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்கள். சத்தம் போடவில்லை.

"நீங்க காலி பண்ணிட்டுப் போங்க தம்பி. எங்க சாமானை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?"

போன மாதம், பாப்பா, நீ போனிலிருந்து படம் வரைகிற ஆப்பை எடுத்துவிட்டாய். அதோடு நீ வரைந்த படமெல்லாம் போய்விட்டது. "நான் ஆப்பைத்தானே எடுத்தேன், என் படத்தை ஏன்ப்பா அது எடுத்துக்கிட்டுப் போச்சு?" என்று அழுதாயே, அன்றைக்கு எனக்கு டீச்சர் முகமும் ஞாபகம் வந்தது, அவர் முகமும் ஞாபகம் வந்தது.

முதலாளிக்குப் போன் செய்தோம். "ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு சொல்லிடுங்க. பழைய மெஷின்தானே" என்றார்.

"சொல்லிட்டேன் சார்."

"டிஸ்க்குன்னா சொன்ன?"

"நான் அழிச்சேன்னு."

"யாருப்பா உன்னைக் கேட்டது?" என்று சொல்லி முதலாளி போனை வைத்துவிட்டார். கிண்டியில் அழிந்ததை மீட்டுத் தருகிற ஒருவரிடம் அந்த டிஸ்க்கைக் கொண்டுபோனோம். மேலே புதியதை ஏற்றிவிட்டதால் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. எந்த வரி எந்தக் குழந்தையுடையது என்று தெரியவில்லை.

பிறகு அவர் டீச்சரிடம் ஒன்று கேட்டார். அம்மாக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது அவர்களைக் கேட்டு, ஞாபகம் உள்ளதைத் திரும்ப எழுதிக்கொள்ளலாமா என்று. டீச்சர் சரி என்றார்கள். லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கேபிள் பார்க்கிற சாக்கில் நானும் இருந்தேன். உண்மையில் அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வந்தவர் கிஷோர் அம்மா. கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார். பையனுக்கு ஐந்து முடிந்திருந்தது. அந்த ஜூனில் மேடவாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்துகொண்டிருந்தார். பயிற்சியில் அவன் எப்படி முன்னேறினான் என்று சென்டரிலிருந்து விவரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அந்த விவரம்தான் போய்விட்டது.

"இன்னாண்ணா, எம்புள்ள ஃபைலை அழிச்ச சார் இவருதானா?" என்று என்னிடம் கேட்டார்.

அவரே எழுந்து நின்றார். "நான்தாம்மா."

"குந்து. நின்னுகினே எப்டி எழுதுவ?"

அவர் உட்கார்ந்தார், ஓரத்தில்.

"சரி, எழுதிக்கோ. மொதல்ல தலை நின்னது எப்போன்னா, எங்க தெருவுல முட்டிவரைக்கும் தண்ணி வந்துச்சே, அந்த மழையில. நான் அவனை மேல் வூட்டுக்குத் தூக்கினு ஓடறேன், இவன் என் தோள்ல தலையைத் தூக்கிகினு தண்ணியை வேடிக்கை பாக்கறான். எனக்கு அழுகையா வருது. அல்லாரும் வெள்ளத்துக்கு அழுவறேன்னு நெனச்சாங்க."

"அது எந்தத் தேதிம்மா?"

"தேதி இன்னா தேதி. மழைன்னு எழுது."

அவர் டீச்சரைப் பார்த்தார். "அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க தம்பி" என்றார்கள் டீச்சர்.

"செவுத்தைப் புடிச்சிகினு நின்னது ஆயுத பூஜை அன்னிக்கு. ஆட்டோவுக்கெல்லாம் பொட்டு வெச்சிகினு இருந்தோம். இவன் தானா எந்திரிச்சி நின்னுகினு பொரியைக் கேட்டான். கேட்டான்னா வாயால இல்ல. கையை நீட்டினான். அதையும் எழுதிக்கோ."

அப்படியே எழுதினார். நடுவில் கிஷோர் அம்மா எழுந்துபோய் எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கிவந்தார். எனக்கு ஒன்று. டீச்சருக்கு ஒன்று. அவருக்கு ஒன்றை நீட்டினார்.

"வேணாம்மா. பழக்கமில்லை."

"எம்புள்ள ஃபைலை துன்னுட்ட. டீ குடிக்க மட்டும் வெக்கமா கீதா?"

டீச்சர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. கையை நீட்டி டீயை வாங்கினார். பாட்டிலில் ஊற்றிக்கொள்ளவில்லை. அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, கடைசி மடக்கு வரை குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நான் வேறு பக்கம் பார்த்தேன். அடுத்தவர் இடத்தில் அவர் வாய் நனைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிஷோர் அம்மாவோடு பள்ளிக்கூடத்துக்கும் அவர் போனார். நானும் போனேன். அட்மிஷன் பார்க்கிற மேடம் காகிதத்தைப் புரட்டினார். "இதென்ன, மழை அன்னிக்கு, ஆயுத பூஜை அன்னிக்குன்னு இருக்கு? இது போன வாரம் எழுதினதுதானே?"

"ஆமா மேடம். ஒரிஜினலை அழிச்சது நான். இந்தப் பையன் மேல தப்பில்லை. அவங்க அம்மா மேலயும் இல்லை."

"அதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்? சீட் எல்லாம் முடிஞ்சுடுச்சு. அடுத்த வருஷம் கொண்டுவாங்க, அதுக்குள்ள சரியான ரெக்கார்டு இருக்கும்ல, பாக்கலாம்."

வெளியே வந்ததும் கிஷோர் அம்மாதான் அவருக்கு ஆறுதல் சொன்னார். "உடு சார். அடுத்த வருசம் பாத்துக்கலாம். இவன் எங்க போவப்போறான்." கிஷோர் பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிலிருந்து அவன் கையை விடுவிக்க அவன் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் அந்தக் கேட்டைத்தான் காட்டுவேன்.

ஆபீஸுக்கு வந்து சார்ட் பேப்பரைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினார். இந்தத் தடவை இரண்டு வீடு. ஒன்று எங்களுடையது: புரோகிராம், குறிப்பு எல்லாம் அதற்குள். இன்னொன்று வாடிக்கையாளருடையது. அது எங்கள் ஃபோல்டருக்குள் இல்லை. வேறு இடத்தில், அவர்கள் பெயரிலேயே. டேட்டா அங்கே. செட்டிங்கூட, அதை மாற்றுகிறவர்கள் அவர்கள் என்பதால், அங்கே. பேக்கப் இன்னொரு டிஸ்க்கில். எங்கள் சாஃப்ட்வேரை நீக்கினால் எங்கள் வீடு மட்டும்தான் போகும். நீக்கி முடித்ததும் திரையில் ஒரு வரி வரும்: 'உங்களுடையதை இங்கேயே விட்டுச் செல்கிறோம்.' அதற்குக் கீழே அது இருக்கும் இடம்.

முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நீதானேப்பா ஒண்ணும் விட்டுட்டு வரக் கூடாதுன்ன?"

"ஆமா சார்" என்றார். அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் அந்தப் புதிய முறையை ஏற்றி முடித்தோம். சென்டரில் அம்மாக்கள் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலையும் முடிந்தது. அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டார். அடுத்த வருஷம் ஏப்ரல் மாதம். மேஜையைத் துடைத்தார். டிராயரைக் காலி செய்தார். சார்ட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார். அதை ஒட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. பையிலிருந்து பற்பசையை எடுத்து அந்த இடங்களை அடைத்தார். தாம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். எங்கே போகிறீர்கள் சார் என்று கேட்டேன். "போய்ட்டு சொல்றேண்ணா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூனில் கிஷோருக்கு இடம் கிடைத்தது. அதே பள்ளிக்கூடம். அவன் அம்மா சென்டருக்கு வந்து எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். ஒன்றை என்னிடம் தந்து, "அந்த சாருக்குக் குடுத்துடு" என்றார். நான் அவருக்குப் போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. செம்பாக்கத்திலேயே வேறு தெருவில் அவர் கடைசியாக இருந்த வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னார்: "நல்ல பையன் சார். வீட்டைப் பளிச்சுன்னு வெச்சுட்டுப் போனான். அட்ரஸ் ஒண்ணும் குடுக்கலை." எங்கள் ஆபீஸில் எடுத்த போட்டோ எதிலும் அவர் இல்லை. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவர்தான் போனைப் பிடித்திருந்தார்.

போன வாரம் சென்டரில் வேறொரு கம்பெனியின் சாஃப்ட்வேருக்கு மாறினார்கள். எங்களுடையதை நீக்க நான் போனேன். படிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். எல்லாம் போனது. அந்த வரி வந்தது. திறந்து பார்த்தேன். மழை இருந்தது, ஆயுத பூஜை இருந்தது, பொரி இருந்தது. அவருடைய பெயர் எங்கேயும் இல்லை.

கிஷோர் அம்மா அன்றைக்கு அங்கே இருந்தார். இப்போது டீச்சருக்கு உதவியாக சென்டரிலேயே வேலை பார்க்கிறார். "அந்த டீ குடிச்ச சார் எப்டிகீறாரு?" என்று கேட்டார். எல்லா அம்மாக்களிடமும் அவருக்கு அதுதான் பெயர்.

"தெரியலைம்மா."

"இன்னா மனுசன்யா. எம்புள்ள ஸ்கூலுக்குப் போறது அவருக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாது."

கிஷோர் அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "அப்போ இன்னும் அந்த கேட்டாண்டையே நின்னுகினு இருப்பாரு" என்றார்.

எங்கள் ஆபீஸ் சுவரில் அவர் பற்பசை தடவிய இடங்கள் இப்போது மஞ்சளாகிவிட்டன. பெயர்ந்தபடியே விட்டிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இப்போது உள்ளே வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் அதுதான் தெரிகிறது.

பாப்பா, இதைத் தம்பிக்கும் படித்துக் காட்டு. நீங்கள் பெரியவர்களாகி எங்கெங்கேயோ போவீர்கள். எங்கேயாவது ஒரு வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொள்கிற ஒருவரைப் பார்த்தால், பெயர் கேட்காதீர்கள். கூசுவார். கிஷோர் ஐந்தாவது படிக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் உட்காரவைத்து ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.